வில்லி நெல்சனோட ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர் (1975): ஒத்தப் பாட்டா கேக்காதீங்க, முழுசா கேட்டுட்டு வாங்க பேசுவோம்

பழையரெக்கார்டு:

வணக்கம் மக்களே. போன வாரம் வேற இழைல கன்ட்ரி மியூசிக் பேச்சு வந்தப்போ மூணு நாலு பேர் அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் பாடின ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் தி ரெயின் பாட்ட பத்தி எழுதியிருந்தீங்க, மழைக்கு ஏத்த காதல் பாட்டு, பிரிஞ்சவங்க சொர்க்கத்துல சேந்துக்குவாங்கன்னு எவ்ளோ அழகா பாடறார்ன்னு. பாட்டு அழகு தான், அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. ஆனா அந்தப் பாட்ட ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர் ஆல்பத்துல அது இருக்கற இடத்துல வெச்சு கேட்டவங்க எத்தன பேர்? ஏன்னா அங்க அதப் பாடறவன், பொண்டாட்டிய சுட்டுக் கொன்னுட்டு வந்து நிக்கறவன்.

கேக்காதவங்களுக்கு கதைய சொல்லிடறேன், கதை தெரிஞ்சிட்டா கெட்டுப் போற ஆல்பம் இல்ல இது. 1901ல நடக்குது. ஒரு பிரசங்கியார். பொண்டாட்டி மேல உயிரா இருக்கார். அவ எப்பவோ விட்டுட்டு வந்த பழைய ஆளத் தேடிப் போயிடறா. இவருக்கு புத்தி பேதலிக்குது, குழந்த மாதிரி அழறார், காட்டு மிருகம் மாதிரி கத்தறார், அப்பறம் குதிரைல சேணத்த கட்டிக்கிட்டு கிளம்பிடறார். ஒரு ஊர்ல சாராயக் கடைல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருக்கறத பாக்கறார். அவங்க சிரிச்சிட்டு இருக்காங்க, அந்த சிரிப்பு மூஞ்சிலேர்ந்து போறதுக்குள்ள செத்துப் போறாங்க. அவ்ளோ தான் அந்த இடம். துப்பாக்கி சத்தம் கிடையாது, டிரம்ஸ் அடிச்சு பில்டப் கிடையாது, ஒரு கிட்டாரும் அந்த மனுஷன் குரலும் மட்டும் தான், பேப்பர் படிச்சு சொல்ற மாதிரி சொல்லிட்டு போயிடறார்.

அதுக்கு அடுத்த பாட்டு தான் ப்ளூ ஐஸ். மழைல அழற நீலக் கண்ணு, கடைசியா கொடுத்த முத்தம், தலை நரைச்சுப் போனப்பறம் மேல ஒரு நாள் திரும்பப் பாப்போம்ங்கற நம்பிக்கை. இப்ப சொல்லுங்க, இது காதல் பாட்டா?

வரிசை மாறினா அர்த்தமே மாறிப்போற ஆல்பம் இது. முப்பது நிமிஷம் சொச்சம் தான், ஒரு தடவ உக்காந்து கேளுங்க, ஷஃபிள் போடாம. கேட்டுட்டு வந்து திட்டினாலும் சரி.

தாளம்தட்டி:

அண்ணே உங்க பேச்ச கேட்டு நேத்து நைட் ஹெட்போன் போட்டு முழுசா கேட்டேன். கதை புரிஞ்சுது, நீங்க சொன்ன ப்ளூ ஐஸ் இடம் நெஜமாவே தூக்கி வாரி போட்டுச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காதீங்க, எனக்கு சவுண்டு ரொம்ப காலியா இருந்துச்சு. டிரம்ஸ் இருக்கா இல்லையான்னே பாதி இடத்துல தெரியல, பேஸ் எங்கயோ உள்ள இருக்கு, ஒரே ட்யூன் மூணு தடவ திரும்பத் திரும்ப வருது, சில ட்ராக் ஒரு நிமிஷம் கூட ஓடல. பாட்ட போட்டுக் காட்ட வீட்ல ரெக்கார்ட் பண்ணி வெச்ச டெமோ மாதிரி இருக்கு. இதுக்கு மேல அரேஞ்ச்மென்ட் பண்ணியிருந்தா இன்னும் பெருசா வந்திருக்கும்னு தோணுது. 1975ல ராக் ஆல்பங்கள்லாம் எந்த லெவல்ல ப்ரொட்யூஸ் பண்ணிட்டு இருந்தாங்கன்னு பாருங்க.

ஆறுகம்பி:

தம்பி, நீங்க சொன்னதையே தான் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் ஆளுங்களும் சொன்னாங்க 😀 கொஞ்சம் பெருசா எழுதறேன், ஏன்னா இந்த "காலி" எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா அது அசால்ட்டா விட்டது இல்லன்னு புரியும்.

வில்லி 1933ல டெக்சஸ்ல அபட்ங்கற சின்ன ஊர்ல பொறந்தவர். கன்ட்ரி மியூசிக் கம்பெனிகளோட ஊரான நாஷ்வில்லுக்கு பாட்டு எழுதத்தான் போனார். 1961ல பேட்ஸி க்ளைன் பாடின க்ரேஸி இவர் எழுதினது, அதே வருஷம் ஃபாரன் யங் பாடி நம்பர் ஒன் ஆன ஹலோ வால்ஸும் இவர் எழுதினது தான். அடுத்தவங்க பாடினா ஹிட்டு, இவரே பாடினா விக்கல. ஏன்னா இவர் தாளத்துக்கு நேரா பாட மாட்டார், வரிய கொஞ்சம் பின்னாடி இழுத்துப் பாடி அப்பறம் ஓடி வந்து பிடிச்சுப்பார், பேசற மாதிரியே இருக்கும். அப்போ நாஷ்வில்ல ஒரு முறை இருந்துச்சு. ப்ரொட்யூசர் தான் எல்லாம், அவர் கைவசம் இருக்கற செஷன் ஆளுங்க (ஸ்டுடியோல கூலிக்கு வாசிக்கறவங்க) தான் வாசிப்பாங்க, பாடகரோட சொந்த பேண்டு ஊர் ஊரா கச்சேரிக்கு மட்டும். பாட்டு முடிஞ்சதும் மேல வயலின் கோஷ்டி, பின்னாடி ஊ ஆன்னு கோரஸ். பாப் ரேடியோலயும் ஓடணுமேன்னு பண்ணாங்க, அதுல நல்ல ரெக்கார்டுகளும் வந்திருக்கு, நான் மறுக்கல, பேட்ஸி க்ளைன் பாட்டெல்லாம் அந்த முறைல வந்தது தான். ஆனா வில்லி குரலுக்கு அது ஒத்து வரல. ஆர்சிஏ கம்பெனில வருஷக்கணக்கா ஆல்பம் ஆல்பமா போட்டாங்க, ஒண்ணும் பெருசா போகல.

அப்பறம் டெக்சஸுக்கே திரும்பிட்டார், ஆஸ்டின் பக்கம். அட்லான்டிக் கம்பெனில ரெண்டு நல்ல ஆல்பம் பண்ணார், 1973ல ஷாட்கன் வில்லி, 1974ல ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ். அட்லான்டிக் நாஷ்வில் ஆபீஸ மூடினதும் மேனேஜர் நீல் ரெஷன் கொலம்பியாகிட்ட பேசி கான்ட்ராக்ட்ல ஒரு விஷயத்த வாங்கினார்: என்ன பாட்டு, யார் வாசிக்கறது, எப்படி மிக்ஸ் பண்றது எல்லாம் வில்லி இஷ்டம். கன்ட்ரி பாடகருக்கு அப்போ அது லேசுல கிடைக்காது. அந்த ஒரு ஷரத்து இல்லன்னா இன்னிக்கு நாம பேசற ஆல்பமே இல்ல, மேல வயலின் ஏத்தி விட்டிருப்பாங்க, சத்தியமா சொல்றேன்.

ரெக்கார்டிங் நடந்தது நாஷ்வில்ல இல்ல, டெக்சஸ்ல கார்லண்ட்ங்கற ஊர்ல ஆட்டம் சவுண்ட்னு ஒரு ஸ்டுடியோல, 1975 ஜனவரில. சொந்த பேண்டு. பியானோ அக்கா பாபி நெல்சன், டிரம்ஸ் பால் இங்க்லிஷ், பேஸ் பீ ஸ்பியர்ஸ், மவுத் ஆர்கன் மிக்கி ரஃபேல், கிட்டாரும் மேண்டலினும் ஜோடி பெய்ன். சில நாள்ல முடிச்சிட்டாங்க, செலவு சுமார் 4,000 டாலர் தான்னு சொல்வாங்க. பெரிய கம்பெனி ஆல்பத்துக்கு அது ஒரு தொகையே இல்ல.

டேப்ப நியூயார்க்ல கொலம்பியா அதிகாரி ப்ரூஸ் லண்ட்வாலுக்கு போட்டுக் காட்ட ரெஷன் போனப்போ கூடவே வில்லியோட நண்பர், கன்ட்ரி பாடகர் வெய்லன் ஜென்னிங்ஸையும் கூட்டிட்டு போனார். லண்ட்வால் கேட்டுட்டு, இது டெமோ மாதிரி இருக்கே, நாஷ்வில்ல ப்ரொட்யூசர் பில்லி ஷெரில்கிட்ட அனுப்பி கொஞ்சம் மெருகேத்தலாமேங்கற மாதிரி பேச, வெய்லன் எழுந்து அவர கிழி கிழின்னு கிழிச்சிட்டார், இந்த மனுஷன் எதப் பத்தினவர்ன்னே உங்களுக்கு புரியலன்னு. கான்ட்ராக்ட் கையில இருந்ததால ஒரு சுருதி கூட மாறாம அப்படியே மே மாசம் வெளியாச்சு.

டல்லாஸ்வாசி:

கார்லண்ட் பேர பாத்ததும் உள்ள வந்துட்டேன், நான் இருக்கறது அந்தப் பக்கம் தான். டல்லாஸ ஒட்டி இருக்கற ஊர், நம்மாளுங்க நெறைய பேர் ஐடி வேலைக்கு வந்து குடியிருக்கற ஏரியா. இங்க வந்த புதுசுல எனக்கும் இந்த ஸ்டுடியோ விஷயம் தெரியாது.

அந்த ஸ்டுடியோ அப்போ புதுசு. என்ஜினியர் ஃபில் யார்க். விளம்பர ஜிங்கிள் வாசிக்க வந்த மிக்கி ரஃபேல் மூலமா வில்லி ரெக்கார்டிங்குக்கு இடம் பாக்கறார்ன்னு தெரிஞ்சுது, சரி ஒரு நாள் இலவசமா வந்து வாசிச்சுப் பாருங்கன்னு கூப்பிட்டாங்க, அப்படி வந்தவங்க அங்கேயே முழு ஆல்பத்தையும் முடிச்சிட்டாங்க. பாடறப்பவே கூட வாசிச்சது, நிறைய இடத்துல ஒரு ஆள் கம்முனு உக்காந்து தன் முறை வர்றவரைக்கும் காத்துட்டு இருக்கறது காதுக்கே தெரியும். தாளம்தட்டி சொன்ன அந்த "டிரம்ஸ் இருக்கா இல்லையா" விஷயம் அது தான் ப்ரோ. பால் இங்க்லிஷுக்கு வாசிக்கத் தெரியாம இல்ல, கதைக்கு தேவைப்படாத இடத்துல கைய கட்டிட்டு இருந்தார்.

இன்னொண்ணு, இங்க டெக்சஸ்ல வயசானவங்க கூட பேசினா வில்லி பேர அவங்க சொல்ற விதமே வேற. கட்சி, மதம் எல்லாம் தாண்டி வீட்டு ஆள் மாதிரி. எங்க பக்கத்து வீட்டு பெரியவர் ஹிப்பின்னாலே ஆகாதுன்னு சொல்ற ஆள், அவர் ட்ரக்ல ஓடறது வில்லி தான்.

நெய்தல்:

ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதறேன். எல்லாரும் சவுண்டு, கான்ட்ராக்ட்னு பேசறீங்க, நல்லா இருக்கு, ஆனா டைட்டில் பாட்டுல என்ன நடக்குதுன்னு யாருமே தொடல.

பொண்டாட்டிய கொன்னவன் ரெண்டு குதிரையோட ஊர் ஊரா சுத்தறான். ஒண்ணு அவன் ஏறிப் போற கருப்புக் குதிரை, இன்னொண்ணு கயித்துல பிடிச்சிட்டு வர்ற செந்தவிட்டுக் குதிரை, அது அவ ஓட்டினது. ஒரு ஊர்ல மஞ்சத் தலைமுடிக்காரி ஒருத்தி அவன்கிட்ட பேச்சு குடுக்கறா, அவன் ட்ரிங்க் வாங்கித் தர்றான், காசும் குடுக்கறான். வெளில வந்து சிரிச்சிட்டே அந்தக் குதிரைய பிடிக்கப் பாக்கறா. சுட்டுடறான். அவள சாயந்தரமே பொதைச்சிடறாங்க. அவன ஊர் விட்டுடுது, ஏன்னா குதிரை திருட வந்த பொம்பளைய கொன்னதுக்கு ஒருத்தன தூக்குல போட முடியாதாம். அத ஒரு வரில, எந்த வருத்தமும் இல்லாம, சொல்லி முடிச்சிடறார் வில்லி.

எனக்கு அந்தக் குரல் பிடிக்கும். பாபியோட பியானோ ரொம்பப் பிடிக்கும். ஆனா அந்த வரி வர்றப்போ ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆல்பத்த நிறுத்திடலாம்னு இருக்கு. மூணு பேர கொன்னவனுக்கு கடைசில புதுக் காதல், நிம்மதி, எல்லாம் கிடைச்சிடுது. செத்த பொம்பளைங்க ரெண்டு பேருக்கும் ஒரு வரி பேச்சு கூட இல்ல, பேர் கூட இல்ல. இத யாராவது பேசணும்.

பழையரெக்கார்டு:

நெய்தல், இத எழுதினதுக்கு நன்றி, இந்த இழைல வரவேண்டிய விஷயம் இது தான்.

சில தகவல் சொல்றேன், தீர்ப்பு சொல்றதுக்காக இல்ல. டைட்டில் பாட்டு வில்லி எழுதினது கிடையாது. எடித் லின்டமன்ங்கற அம்மாவும் கார்ல் ஸ்டட்ஸ்ங்கறவரும் 1953 வாக்குல எழுதினது. பாட்டு வரி அந்த அம்மாவோடது. வர்ஜீனியால ரிச்மண்ட் டைம்ஸ் டிஸ்பேட்ச் பத்திரிகைல சினிமா, நாடகம் பத்தி எழுதிட்டு இருந்தவங்க. அதே ஜோடி தான் கிட்டி காலன் பாடி 1954ல நம்பர் ஒன் ஆன லிட்டில் திங்ஸ் மீன் எ லாட் பாட்டையும் எழுதினாங்க, அது எவ்ளோ மென்மையான பாட்டு. ஸ்ட்ரேஞ்சர் பாட்ட ஆர்தர் ஸ்மித் முதல்ல பாடி ரெக்கார்ட் பண்ணார். வில்லி அப்போ ஃபோர்ட் வொர்த்ல ரேடியோ டிஜே, மத்தியானம் குழந்தைங்க தூங்கற நேரத்துல இத போடுவார். அப்பறம் தன் பிள்ளைங்களுக்கும் தூங்க வெக்கறப்போ பாடுவாராம். கொலைப் பாட்டு தாலாட்டா ஓடியிருக்கு, அந்த மண்ணுல அது புதுசு இல்ல, ஸ்காட்லாந்து, இங்கிலாந்துலேர்ந்து அப்பலாச்சியா மலைக்கு குடியேறினவங்க கொண்டு வந்த கதைப்பாட்டு நெறையதுல யாராவது ஒரு பொண்ணு ஆத்தங்கரைல சாவா. நாக்ஸ்வில் கேர்ள் மாதிரி பாட்டெல்லாம் சிரிச்ச மூஞ்சியோட குடும்பமா உக்காந்து பாடினவங்க அவங்க.

ஆல்பம் எப்படி வந்துச்சுன்னா, கொலராடோல ஸ்டீம்போட் ஸ்ப்ரிங்ஸ்லேர்ந்து ஆஸ்டினுக்கு கார்ல வர்ற வழில, கொலம்பியாவுக்கு என்ன பண்றதுன்னு யோசனை. பொண்டாட்டி கானி தான் பிள்ளைங்களுக்கு பாடுவீங்களே அந்தப் பாட்ட பண்ணுங்களேன்னு சொன்னது. சரி, இந்த அந்நியன் யாரு, ஏன் இப்படி ஆனான், அப்பறம் என்ன ஆனான்னு முன்னாடியும் பின்னாடியும் கதைய கட்டிட்டே வந்தார்.

நெய்தல்:

தகவலுக்கு நன்றி, நெஜமாவே எனக்கு தெரியாதது. ஆனா எழுதினது ஒரு பொம்பளைங்கறதால அந்த வரி வலிக்காம போயிடாது சார். மரபுல இருக்குங்கறதும் எனக்கு பதில் இல்ல, நம்ம ஊர்லயும் தான் மரபுல என்னென்னமோ இருக்கு.

ஆனா நீங்க கடைசில சொன்னத பிடிச்சுக்கிட்டு திரும்ப கேட்டேன். அந்தப் பாட்டு தனியா இருக்கறப்போ அவன் பொண்டாட்டி செத்துப் போனவ, எப்படி செத்தான்னு தெரியாது, அவன் துக்கத்துல பைத்தியமா சுத்தறவன், அதனால குதிரைய தொட்டதும் வெறி. கேக்கறவங்களுக்கு அவன் மேல கொஞ்சம் பாவம் வரும். வில்லி முன்னாடி சேத்த கதையால அது கவுந்துடுது. அவள கொன்னதே இவன் தான். கொன்னவளோட குதிரைய கையில பிடிச்சிட்டு ஊர் ஊரா அலையறான், அத வேற ஒருத்தி தொட்டா அவளையும் கொல்றான். இப்ப எனக்கு அந்தக் குதிரை தான் ஆல்பத்துலயே ரொம்ப பயங்கரமான விஷயமா படுது. ஊர் அவன விடுவிச்சிடுச்சு, சரி, ஆல்பம் விடுவிச்சுதான்னு யோசிச்சா, இல்லன்னு தோணுது. அந்த வரி முடிஞ்சதும் ஆல்பத்தோட முதல் பாட்டான டைம் ஆஃப் தி ப்ரீச்சர் ட்யூன் திரும்ப வருதே, அது சும்மா வரல.

இது என் கோவத்த தீர்க்கல. ஆனா நிறுத்தாம கேக்க முடிஞ்சுது.

பழையரெக்கார்டு:

நெய்தல், அந்தக் குதிரை விஷயம் இத்தன வருஷம் கேட்டும் எனக்கு இவ்ளோ தெளிவா தோணினது இல்ல. தாளம்தட்டி "ஒரே ட்யூன் மூணு தடவ"ன்னு சொன்னதுக்கும் இதுல பதில் இருக்கு பாருங்க. முதல் தடவ அது முடியறப்போ பிரசங்கம் முடிஞ்சுது, இனி பாடம்ங்கற மாதிரி முடியும். அடுத்த தடவ பாடமும் முடிஞ்சுது, இனி கொலைன்னு முடியும். ட்யூன் அதே தான், மனுஷன் தான் ஒவ்வொரு தடவையும் மாறிப் போயிருக்கான்.

குமரிக்காரன்:

நான் நாகர்கோவில் பக்கம். இந்த ஆல்பத்துல எனக்கு ரொம்ப நெருக்கமான ஒரு இடம் இருக்கு, யாரும் சொல்லலையேன்னு எழுதறேன். டைட்டில் பாட்டும் அந்த ட்யூனும் முடிஞ்சதும் பாட்டே இல்லாம பியானோல ஒரு ட்ராக் வரும், ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம். ஷார்லட் எலியட்ங்கற அம்மா 1830கள்ல எழுதின ஞானப்பாட்டு. எங்க சர்ச்சுல சின்ன வயசுலேர்ந்து பாடற "நான் பாவி தான் ஆனாலும் நீர்" அது தான். வில்லி ஆல்பத்துல அது வர்றப்போ எனக்கு வரி தானா வாய்க்குள்ள ஓட ஆரம்பிச்சிடுச்சு.

அமெரிக்காவுல சுவிசேஷகர் பில்லி கிரஹாமோட கூட்டங்கள்ல, மனந்திரும்பறவங்க எழுந்து முன்னாடி வாங்கன்னு கூப்பிடறப்போ இந்தப் பாட்டு தான் வாசிப்பாங்க. அதாவது இருக்கறபடியே வா, கழுவிட்டு வரவேண்டாம், இப்படியே வான்னு. இப்ப யோசிங்க, இவன் பிரசங்கியார். இந்தப் பாட்ட வாசிக்கவிட்டு எத்தனையோ பேர முன்னாடி வாங்கன்னு கூப்பிட்டிருப்பான். இப்ப மூணு கொலை பண்ணிட்டு நிக்கறான், பாட்டு வாசிக்குது, வரி இல்ல. பாடற தகுதி அவனுக்கு இல்லாததாலயோ என்னமோ வரி இல்ல. நெய்தல் அக்கா கேட்ட கேள்விக்கு, ஆல்பம் அவன சும்மா விட்டுச்சான்னு, எனக்கு இந்த ட்ராக் தான் பதில் மாதிரி படுது. மன்னிப்பு கிடைச்சுதுன்னு சொல்லல, கூப்பாடு மட்டும் இருக்கு, அவன் எழுந்து போனானான்னு தெரியல.

வாசிச்சது பாபி. அபட்ல தாத்தா பாட்டி வளத்த பிள்ளைங்க ரெண்டு பேரும், மெதடிஸ்ட் சர்ச்சுல பாடி வளந்தவங்க. அந்த அம்மா 2022ல தவறிட்டாங்க. எந்த அலங்காரமும் இல்லாம, ஞாயித்துக்கிழமை ஆராதனைல வாசிக்கற மாதிரியே வாசிச்சிருப்பாங்க.

நெய்தல்:

குமரிக்காரன், இத படிச்சிட்டு உடனே அந்த ட்ராக்க மட்டும் போட்டேன். எனக்கு சர்ச் பழக்கம் இல்ல, அதனால அத இடைல வர்ற வாத்திய இசைன்னு மட்டும் நெனச்சு கடந்து போயிட்டு இருந்திருக்கேன். இனிமே அப்படி கடக்க முடியாது.

ஆறுகம்பி:

குமரிக்காரன் போஸ்ட்டுக்கு அப்பறம் கிட்டார் பத்தி பேசறது சின்ன விஷயமா தெரியலாம், ஆனா பேசியே ஆகணும், ஏன்னா இந்த ஆல்பத்துல பாதி கதைய சொல்றது அந்தக் கிட்டார் தான்.

ட்ரிகர்னு பேர். மார்ட்டின் கம்பெனி என்-20, நைலான் கம்பி. கன்ட்ரில எல்லாரும் ஸ்டீல் கம்பி வாசிச்சிட்டு இருந்த காலத்துல இவர் ஸ்பானிஷ் கிளாசிக்கல் ஆளுங்க வாசிக்கற கிட்டார வாங்கினார், 1969ல. முன்னாடி வெச்சிருந்த பால்ட்வின் கிட்டார் உடைஞ்சு போய் அதுலேர்ந்த பிக்கப்ப (கம்பி சத்தத்த ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பற கருவி) எடுத்து நாஷ்வில்ல ஷாட் ஜாக்சன் இதுல பொருத்திக் குடுத்தார். அதனால தான் அந்த சத்தம், மரத்தோட மென்மையும் இருக்கும், ஆம்ப்ளிஃபையர்ல வர்ற ஒரு சொரசொரப்பும் இருக்கும். நைலான் கிட்டார பிக் (கம்பிய மீட்டற சின்ன துண்டு) வெச்சு அடிக்கறதுக்கு செய்யல, இவர் அடிச்சு அடிச்சு சவுண்ட் ஹோலுக்கு கீழ பலகைல பெரிய ஓட்டையே விழுந்துடுச்சு, இன்னிக்கும் அதையே தான் வாசிக்கறார். டென்னசில வீடு தீப்பிடிச்சப்போ உள்ள ஓடிப் போய் எடுத்துட்டு வந்த கிட்டார் அது.

ப்ளூ ஐஸ் நடுவுல வர்ற சோலோவ கவனிங்க. வேகம் காட்டல, வித்தை காட்டல, பாடின மெலடியவே கொஞ்சம் தள்ளி வெச்சு திரும்பச் சொல்றார், ஒவ்வொரு நோட்டும் அழுத்தி எடுத்து, நடுவுல விடற இடைவெளில மூச்சு விடறது மாதிரி. ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் மேல உள்ள பைத்தியம் அந்த மனுஷனுக்கு உண்டு, அங்கங்க அது எட்டிப் பாக்கும். கிட்டார் கத்துக்கற பசங்க கிட்ட நான் இந்த சோலோவ தான் முதல்ல குடுப்பேன். விரல் ரெண்டு நாள்ல வந்துடும், அந்த இடைவெளிய விடறதுக்கு தான் வருஷம் ஆகும்.

அந்தப் பாட்டும் வில்லியோடது இல்ல, ஃபிரெட் ரோஸ் எழுதி 1940கள்ல ராய் ஏகஃப் பாடினது. முப்பது வருஷம் பழைய பாட்டு. அத எடுத்து பாடகரா தன்னோட முதல் கன்ட்ரி நம்பர் ஒன் ஆக்கினார், 1975 அக்டோபர்ல, 42 வயசுல. க்ராமியும் கிடைச்சுது. டெமோ மாதிரி இருக்குன்னு சொன்ன ஆல்பம் கன்ட்ரி சார்ட்ல நம்பர் ஒன், பின்னாடி 20 லட்சம் காப்பி தாண்டினதுக்கான டபுள் பிளாட்டினம். 2009 வருஷத்து பட்டியல்ல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இத தேசிய ஒலிப்பதிவு பதிவேட்டுல சேத்துக்கிச்சு.

தாளம்தட்டி:

அண்ணே வித்தது, அவார்டு வாங்கினது எல்லாம் சரி, அது என் கேள்விக்கு பதில் இல்லல்ல? எத்தனையோ மொக்கை ஆல்பமும் வித்திருக்கு.

டல்லாஸ்வாசி சொன்ன காத்திருக்கற விஷயமும் குமரிக்காரன் சொன்ன பியானோவும் தான் என்ன இழுத்துச்சு. திரும்ப ரெண்டு தடவ கேட்டேன், இந்த தடவ ஹெட்போன் இல்லாம ரூம்ல ஸ்பீக்கர்ல. முதல் பாதி எனக்கு இப்ப முழுசா ஓகே. அங்க எதையும் சேக்க வேண்டாம், சேத்தா கெட்டுடும், ஒத்துக்கறேன். ஆனா டென்வர்ங்கற பாட்டுல ஆரம்பிக்கற ரெண்டாவது பாதி இன்னும் எனக்கு லூஸா தான் இருக்கு. டென்வர் ஒரு நிமிஷம் கூட இல்ல, உடனே ஒரு வால்ட்ஸ் (ஜோடியா ஆடற டான்ஸ் ட்யூன்), உடனே ஒரு பியானோ ட்யூன், அப்பறம் எங்கயோ ஒரு பொண்ணு கிட்ட உன் தோள்ல தூங்கட்டுமான்னு கேக்கறார். கதைல நடுவுல என்ன ஆச்சு? எப்படி மாறினான்? எவ்ளோ வருஷம் போச்சு? ஒண்ணும் சொல்லல. முதல் பாதில கத்தி மாதிரி இருந்த ஆள் இங்க மழுப்பற மாதிரி இருக்கு.

பழையரெக்கார்டு:

இதுல உங்க பக்கம் நியாயம் இருக்கு தம்பி, ரெண்டாவது பாதில கதை மெலிஞ்சு தான் போகுது. ஆனா அந்த வால்ட்ஸ மழுப்பல்னு நான் எடுத்துக்க மாட்டேன். அது ஓ'யர் தி வேவ்ஸ், ஹுவெண்டினோ ரோசாஸ்ங்கற மெக்சிகோ இசையமைப்பாளர் 1880கள்ல எழுதினது, அப்பறம் வர்ற டவுன் யான்டர் பழைய டான்ஸ் ட்யூன். வில்லி சின்ன வயசுலேர்ந்து டெக்சஸ் டான்ஸ் ஹால்ல வாசிச்சு வளந்தவர், சனிக்கிழமை ராத்திரி ஊரே வந்து ஆடற இடம். டென்வர்ல ஒரு பொண்ண பாக்கறான், ஆடறாங்க. பேச்சு இல்லாம ஆடறாங்க. அவ்ளோ நேரம் பேசி, பிரசங்கம் பண்ணி, கொன்னவன் முதல் தடவையா வாய மூடிட்டு இன்னொரு மனுஷி கூட தாளத்துக்கு காலடி எடுத்து வெக்கறான். எனக்கு அது போதும். உங்களுக்கு போதலன்னா அதுவும் சரி.

கேன் ஐ ஸ்லீப் இன் யுவர் ஆர்ம்ஸ் பாட்டுல பின்னாடி சேந்து வர்ற குரல்கள கவனிச்சீங்களா? அது வரைக்கும் பெரும்பாலும் தனிக் குரலா சுத்தினவன் கூட அங்க ஆள் சேருது.

டல்லாஸ்வாசி:

ஹேண்ட்ஸ் ஆன் தி வீல் பத்தி யாரும் சொல்லலையே. பில் கேலரிங்கற டெக்சஸ் பாட்டுக்காரர் எழுதினது. கதையோட கடைசி அது தான், வயசான ஆள், ஒரு சின்னப் பிள்ளை, பக்கத்துல ஒரு பொண்ணு. எழுதினப்போ இந்தக் கதைய மனசுல வெச்சு எழுதல, ஆனா இங்க கொண்டு வந்து வெச்சதும் இதுக்குன்னே எழுதின மாதிரி உக்காந்துக்கிச்சு. சொந்தப் பாட்டு கொஞ்சம், அடுத்தவங்க பாட்டு நெறைய, எல்லாம் வேற வேற காலத்துல வேற வேற ஆளுங்க எழுதினது, அத வரிசைப்படுத்தியே ஒரு முழுக் கதைய சொல்லிட்டார். பாட்டு எழுதறதுலயே பேர் வாங்கின மனுஷன், எழுதாம அடுக்கி வெச்சே இத பண்ணினார் பாருங்க, அது தான் எனக்கு ஆச்சரியம்.

ப்ராக்டிகலா ஒண்ணு: ஸ்ட்ரீமிங்ல கேக்கறவங்க 2000ல வந்த ரீஇஷ்யூ வெர்ஷன் வந்தா கடைசில நாலு போனஸ் ட்ராக் இருக்கும். பழைய ஆல்பத்தோட கடைசி ட்ராக்கான பாண்டேரா முடிஞ்சதும் நிறுத்திடுங்க. அந்த போனஸ் நல்லா தான் இருக்கு, தனியா இன்னொரு நாள் கேளுங்க, கதை பாண்டேராவோட முடிஞ்சுது.

குமரிக்காரன்:

1986ல இத சினிமாவாவும் எடுத்தாங்க, வில்லியே நடிச்சார். எனக்கு பிடிக்கல. மூஞ்சி, ஊர், துணிமணி எல்லாம் காட்டினதும் ஆல்பத்துல நான் மனசுல பாத்தது போயிடுச்சு. ஆல்பம் மட்டும் போதும்.

நெய்தல்:

கடைசியா ஒண்ணு கேக்கணும். செத்த பொண்ணுங்களுக்கு பேச்சே இல்லன்னு நான் சொன்னேன்ல, அது இன்னும் என்ன விடல. வில்லி அந்தப் பக்கத்துலேர்ந்து எப்பவாச்சும் பாடியிருக்காரா? இல்ல அவர் கதைல எப்பவும் ஆம்பள தான் அலைவானா?

ஆறுகம்பி:

பாடியிருக்கார், அதுவும் இதுக்கு முந்தின வருஷம் தான். மேல ஒரு வரில சொல்லிட்டு போன ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ், 1974. அலபாமால மஸில் ஷோல்ஸ்ல ஜெரி வெக்ஸ்லர் ப்ரொட்யூஸ் பண்ணது. ஒரு கல்யாணம் முறியற கதை. ரெக்கார்டோட முதல் பக்கம் முழுக்க அவ பக்கம், ரெண்டாவது பக்கம் முழுக்க அவன் பக்கம். அவ பாத்திரம் கழுவிட்டு இருக்கறதுலேர்ந்து ஆரம்பிக்கும். துணி துவைச்சு, வீட்ட பெருக்கி, அலுத்துப் போய், ஒரு நாள் கதவ சாத்திட்டு நடந்து போயிடறா. அம்மா வீட்டுக்கு திரும்ப வர்றா, அங்க நாள் பூரா தூங்கறா, மறுபடி வெளில போய் டான்ஸ் ஆடறா. அவ ஏன் போனான்னு அவ பக்கத்துலேர்ந்தே தெரியும், யாரும் அவளத் தேடிட்டு துப்பாக்கியோட வரல.

நெய்தல்:

அப்போ 1974ல வீட்ட விட்டுப் போறவளுக்கு அரை ரெக்கார்டு குடுத்த அதே மனுஷன், 1975ல போனவளுக்கு ஒரு வரி கூட குடுக்கலன்னா அது தெரியாம விட்டது இல்ல, தெரிஞ்சே எடுத்த முடிவு. பிரசங்கியார் அவ பக்கத்த கேக்கவே இல்ல, அதனால நமக்கும் கேக்கல. இது எனக்கு முக்கியமா படுது, பிடிக்குதான்னு இன்னும் சொல்ல முடியல. ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ் இன்னிக்கு ராத்திரி கேக்கறேன், கேட்டுட்டு அதுக்கு தனி இழை ஆரம்பிக்கறேன். ஆறுகம்பி, தாளம்தட்டி ரெண்டு பேரும் அங்க வந்துடுங்க.

தாளம்தட்டி:

கண்டிப்பா வர்றேன். அதுல டிரம்ஸ் கேக்குமாண்ணே?

ஆறுகம்பி:

நல்லாவே கேக்கும் தம்பி, மஸில் ஷோல்ஸ் ஆளுங்க வாசிச்சது. வா.